டிவி கேம் போனுக்கு வந்தாச்சு... ஆனா பாட்டு ஏன் வேகமா ஓடுது?

மரியோ, கான்ட்ரா, டாங்க், வாத்து சுடுற கேம். 90களில் பள்ளி லீவு விட்டதும் டிவிக்குப் பின்னால் ஒயரைச் சொருகிவிட்டு உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பெயர்களே போதும். இன்றைக்கு அதே கேம்களை போனில் விளையாடுவது பத்து நிமிட வேலை. ஒரு எமுலேட்டர் ஆப், ஒரு கேம் ஃபைல். அவ்வளவுதான்.

ஆனால் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடமே நிறையப் பேர் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். படம் அதேதான், கதை அதேதான், இருந்தாலும் ஏதோ இடிக்கிறது. காரைக்கால்மேட்டில் இருக்கும் நண்பன் ஒருவன் இதை நேராகவே சொன்னான்: "மாப்ள, இது நம்ம மரியோ இல்லடா. பாட்டு என்னமோ பஸ்ஸ புடிக்கப் போற மாதிரி ஓடுது."

வயசாயிடுச்சு, அதான் அப்படித் தோணுது என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அவன் காது சொன்னது சரி. பாட்டு நிஜமாகவே வேகமாகத்தான் ஓடுகிறது. இன்னும் சரியாகச் சொன்னால், நாம் சின்ன வயதில் கேட்டதுதான் மெதுவாக ஓடியது. ஏன் என்று பார்க்க, முதலில் நம் வீட்டு டிவிக்குக் கீழே இருந்த அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

நம்ம வீட்டுப் பெட்டி எது?

1983 ஜூலையில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' என்ற கருவியை வெளியிட்டது. அமெரிக்காவில் அதற்கு 'நெஸ்' என்று பெயர். மரியோ (1985), டாங்க் கேம் என்று நாம் சொன்ன 'பேட்டில் சிட்டி' (1985), கான்ட்ரா (1988) எல்லாம் இதற்காக வந்தவைதான்.

இந்தியாவில் பெரும்பாலானவர்கள் கையில் இருந்தது இது அல்ல, இதன் நகல். தைவான், சீனத் தொழிற்சாலைகள் ஃபேமிகாமின் சிப்பைப் பார்த்து அதே மாதிரி வேலை செய்யும் மலிவான சிப்களைத் தயாரித்தன. அதில் முக்கியமானது தைவானின் யூஎம்சி. அந்தச் சிப்களை வைத்து உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான பெயர்களில் பெட்டிகள் வந்தன. இங்கே மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று விற்றன. பெயரே இல்லாமல் சென்னை பர்மா பஜாரிலும் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கிடைத்தவை தனி. கேம் வாங்கும்போது '99999 இன் 1' என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளே இருப்பது சில கேம்கள்தான். அதே மரியோவை மூன்றாம் உலகத்தில் ஆரம்பிக்க வைத்து அதற்கு ஒரு நம்பர், தாவும் உயரத்தைக் கூட்டி இன்னொரு நம்பர் என்று போட்டு எண்ணிக்கையை ஏற்றியிருப்பார்கள். அதையும் ஒரு நாள் முழுக்க 1, 2, 3 என்று திறந்து பார்த்தவர்கள்தானே நாம்!

ஒரு நிமிடப் பாட்டு, 72 விநாடி

ஜப்பான், அமெரிக்க டிவிகளில் படம் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். இந்தியா தேர்ந்தெடுத்தது பால் என்ற ஐரோப்பிய முறை. அதில் விநாடிக்கு 50 முறை. இந்தியாவில் விற்கப்பட்ட நகல் பெட்டிகளும் பெரும்பாலும் 50-க்கு ஏற்றபடி செய்யப்பட்டவை.

அந்தக் காலத்து கேம்களுக்கு டிவியின் இந்தத் துடிப்புதான் கடிகாரம். ஒரு துடிப்புக்கு ஒரு முறை மரியோ நகர்வார், ஒரு துடிப்புக்கு ஒரு முறை பாட்டு முன்னேறும். 60 துடிப்புக்கு எழுதின கேமை 50 துடிப்பில் ஓடவிட்டால் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். ஜப்பானில் 60 விநாடியில் முடிகிற பாட்டு காரைக்காலில் 72 விநாடி ஓடியிருக்கும். குண்டு மெதுவாக வரும். பள்ளத்தைத் தாண்ட யோசிக்க நேரம் கிடைக்கும். நாம் அந்த வயதில் அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு சுவாரஸ்யம் இருக்கிறது. நகல் சிப்கள் பலவற்றில் ஒலிப் பகுதியில் ஒரு பிசகு உண்டு. ஒலி அலையின் வடிவத்தைத் தீர்மானிக்கும் இரண்டு அமைப்புகள் இடம் மாறி இருக்கும். அதனால் ராகம் அதேதான் என்றாலும் குரல் வேறு. ஒரு இடத்தில் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, இன்னொரு இடத்தில் கொஞ்சம் கனமாகக் கேட்கும். அசல் கருவியில் கேட்டவர்களுக்கு அது தப்பு. நகலில் வளர்ந்தவர்களுக்கு அசல்தான் தப்பாகக் கேட்கும்.

எமுலேட்டர்னா என்ன?

பழைய கருவியின் சிப் ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்பதை அப்படியே நடிக்கும் மென்பொருள்தான் எமுலேட்டர். கேம் ஃபைலுக்கு, அதாவது 'ரோம்' என்பதற்கு, தான் ஒரு போனுக்குள் இருப்பது தெரியாது. 1983-ன் பெட்டிக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஓடும்.

இதற்குப் பெரிய சக்தி எதுவும் தேவையில்லை. ஃபேமிகாமின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 2 கேபி. மரியோ முழு கேமும் 40 கேபி. டாங்க் கேம் 24 கேபி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் வரும் 'குட் மார்னிங்' படம் ஒன்று இதைவிடப் பல மடங்கு பெரிது. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், உபயோகப்படும். இணையத்தில் '90ஸ் டாங்க் கேம்' என்று தேடும்போது 60 எம்பி-க்கு ஒரு ஆப் வந்து, உங்கள் கான்டாக்ட் லிஸ்ட்டைப் பார்க்க அனுமதி கேட்டால், அது டாங்க் கேமுக்காகக் கேட்கவில்லை.

ஆண்ட்ராய்டில் எமுலேட்டர்கள் ரொம்ப வருடமாக இருக்கின்றன. ஐபோன்காரர்களுக்குத்தான் கதவு அடைத்திருந்தது. 2024 ஏப்ரலில் ஆப்பிள் விதியை மாற்றி, பழைய கேம்களுக்கான எமுலேட்டர்களை ஆப் ஸ்டோரில் அனுமதித்தது. அதே மாதம் டெல்டா வந்தது, அடுத்த மாதம் ரெட்ரோஆர்ச். பழைய கேம் ஆசை திடீரென்று எல்லோருக்கும் திரும்பியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

'நம்ம' வேகத்தைக் கொண்டுவருவது எப்படி?

எமுலேட்டர்கள் எல்லாம் அசல் கருவியைத்தான் முன்மாதிரியாக வைத்திருக்கும். நீங்களாக மாற்றினால்தான் நகல் வேகம் வரும். போனில் இதற்கு வசதியானது ரெட்ரோஆர்ச். அதில் 'எஃப்சிஇயூஎம்எம்' என்ற கோரைத் தேர்ந்தெடுத்து கேமைத் திறங்கள். பிறகு குயிக் மெனுவில் கோர் ஆப்ஷன்ஸ் போனால் 'ரீஜன்' என்று ஒரு வரி இருக்கும். என்டிஎஸ்சி என்றால் ஜப்பான், அமெரிக்க வேகம். பால் என்றால் அசல் கருவியின் ஐரோப்பிய மாடல். மூன்றாவதாக 'டெண்டி' என்று ஒன்று இருக்கும். அதைத் தொடுங்கள். பக்கத்திலேயே ஒலிப் பிசகை நகலெடுக்கும் 'ஸ்வாப் டூட்டி சைக்கிள்ஸ்' என்ற வரியையும் ஆன் செய்யுங்கள். லேப்டாப்பில் என்றால் மீசன் என்ற எமுலேட்டரிலும் இவை இரண்டும் உண்டு.

ஆன் செய்துவிட்டு மரியோவின் முதல் கட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். 'பால்' போதாதா என்று கேட்டால், போதாது. ஐரோப்பிய அசல் மாடலின் சிப் வேகமும் கொஞ்சம் குறைவு. அதனால் சுதியும் இறங்கிவிடும். நகல் பெட்டிகளில் சுதி ஏறக்குறைய ஜப்பான் சுதிதான், தாளம் மட்டும் மெதுவு. இந்தக் கலவையைச் சரியாகப் பிடிப்பது டெண்டி ஒன்றுதான்.

ஒரு சின்னச் சிக்கல்: போன் திரை பெரும்பாலும் 60, 90, 120 என்ற கணக்கில் ஓடுவது. 50 அதில் சரியாகப் பொருந்தாது. பின்னணி நகரும்போது லேசாகத் தட்டுத் தட்டாகத் தெரியலாம். காது கேட்பது சரியாகும், கண் பார்ப்பது கொஞ்சம் குறையும். எது முக்கியம் என்பது அவரவர் விருப்பம். என் ஓட்டு காதுக்கு.

படத்தைத் திரை முழுக்க இழுக்காதீர்கள், மரியோ குண்டாகிவிடுவார். 4:3 என்ற பழைய டிவி அளவிலேயே வையுங்கள். 'சிஆர்டி ஷேடர்' என்று தேடினால் பழைய பிக்சர் டியூப் டிவியின் கோடுகளையும் ஒளிக்கசிவையும் போலவே காட்டும் ஃபில்டர்கள் கிடைக்கும்.

வாத்து சுடும் துப்பாக்கியை மட்டும் இப்படித் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்தத் துப்பாக்கி எதையும் சுடவில்லை, ஒளியைப் பார்க்கும் கண் அது. விசையை இழுத்ததும் திரை ஒரு நொடிப்பொழுது கருப்பாகி, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கிக்கு வெள்ளை தெரிந்தால் வாத்து காலி. பிக்சர் டியூப் டிவியில் அந்த ஒளி உடனே வரும், குறிப்பிட்ட விதத்தில் துடிக்கவும் செய்யும். எல்சிடி, எல்இடி டிவியில் இரண்டும் இல்லை. எமுலேட்டரில் வாத்தை விரலால் தொட்டுத்தான் சுட வேண்டும். அதில் என்ன கிக் இருக்கிறது, சொல்லுங்கள்.

கை கேட்பது வேறு

வேகமும் சத்தமும் சரியான பிறகும் விளையாட்டு கைக்குள் வராததற்குக் காரணம், கண்ணாடித் திரை. டச் ஸ்கிரீனில் வரைந்திருக்கும் பட்டனுக்கு ஓரம் கிடையாது. கட்டை விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் திரையைப் பார்க்க வேண்டும், பார்த்தால் மரியோ பள்ளத்தில். அதனால்தான் பழைய பாணி ஜாய்ஸ்டிக்குகளுக்கு இப்போது இவ்வளவு மவுசு.

ஜாய்ஸ்டிக் கதை ஃபேமிகாமுக்கும் முந்தையது. 1977-ல் வந்த அட்டாரி 2600 கருவியின் ஜாய்ஸ்டிக்கைத் திறந்தால் உள்ளே எந்தச் சிப்பும் இருக்காது. மேல், கீழ், இடது, வலது, சுடும் பட்டன் என்று ஐந்து சுவிட்ச். வீட்டு காலிங் பெல் மாதிரி, அழுத்தினால் சுற்று மூடும். அவ்வளவு எளிமையாக இருந்ததால் அதன் 9 முனை பிளக்கையே கமோடோர் 64 (1982), பின்னாளில் அமிகா என்று வீட்டுக் கம்ப்யூட்டர்களும் எடுத்துக்கொண்டன. கிட்டத்தட்ட இருபது வருடம் ஒரே பிளக். இன்றைய சார்ஜர் கலாட்டாவைப் பார்க்கும்போது பொறாமையாக இருக்கிறது.

இந்த வீட்டுக் கம்ப்யூட்டர் அலை நம் பக்கம் முழுசாக வரவே இல்லை. இறக்குமதி வரி அப்படி. 1984-85ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் சில நூறு பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் போயின. பிரிட்டனின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தை புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் இங்கேயே விற்றது. அந்தக் கம்ப்யூட்டர்களில் கேம் வந்தது நிஜ டேப் கேசட்டில். டேப் ரெக்கார்டரில் போட்டு, கீச்சென்ற சத்தத்தை ஐந்து நிமிடம் கேட்டால்தான் கேம் திறக்கும். பத்து வருடம் கழித்து வந்த டிவி கேம் பெட்டிக்கு நாம் வாங்கியது கேசட்டே அல்ல, சிப் வைத்த அட்டை. ஆனாலும் அதற்கும் 'கேசட்' என்றே பெயர் வைத்தோம். அந்தப் பெயர்தான் நின்றது.

மேற்கில் கமோடோரோடு வளர்ந்த தலைமுறைக்கு இப்போது ஐம்பது வயது, கையில் காசும் இருக்கிறது. அவர்களுக்காக 2018-ல் 'தி சி64 மினி' என்ற சின்னப் பெட்டி வந்தது. உள்ளே எமுலேட்டர், வெளியே பழைய கம்ப்யூட்டரின் குட்டி உருவம். அதில் கீபோர்டு வெறும் அலங்காரம், அதைக்கூட மன்னித்தார்கள். கூட வந்த ஜாய்ஸ்டிக்கைத்தான் மன்னிக்கவில்லை. திருப்பினால் 'டிக்' என்ற சத்தமும் இல்லை, பிடியும் இல்லை என்று விமர்சனம் வந்தது. 2019-ல் வந்த முழு அளவு மாடலில் மைக்ரோசுவிட்ச் வைத்த ஜாய்ஸ்டிக் இருந்தது.

அந்த 'டிக்'கில் என்ன இருக்கிறது? சுவிட்ச் எந்தக் கணத்தில் மூடுகிறது என்பதை விரல் உணர்கிறது. 60 துடிப்பு கேமில் ஒரு துடிப்பு என்பது 16.7 மில்லி விநாடி. புளூடூத் கன்ட்ரோலர், ஸ்மார்ட் டிவியின் பட மெருகூட்டல், எமுலேட்டரின் தாமதம் எல்லாம் சேர்ந்தால் நாலைந்து துடிப்பு சாதாரணமாகப் போய்விடும். நீங்கள் குதித்தது சரிதான், குதித்த செய்திதான் லேட்டாகப் போனது. எனவே முடிந்தவரை புளூடூத் வேண்டாம். ஓடிஜி கேபிளில் யூஎஸ்பி கன்ட்ரோலரை நேராக மாட்டுங்கள். டிவியில் போட்டு விளையாடினால் 'கேம் மோட்' ஆன் செய்யுங்கள். ரெட்ரோஆர்சில் 'ரன் அஹெட்' என்று ஒன்று இருக்கிறது. கேமை ஒரு துடிப்பு முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, தாமதத்தை மறைக்கும் உத்தி. ஒன்று என்று வைத்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் சில கேம்களில் அசைவு துண்டு துண்டாகத் தெரியும்.

பழைய ஜாய்ஸ்டிக்கே கையில் இருந்தால்? அட்டாரி வகை என்றால் அர்டுயினோ லியோனார்டோ போன்ற ஒரு சின்ன போர்டு மூலம் அந்த ஐந்து சுவிட்சையும் யூஎஸ்பி-க்கு மாற்றிவிடலாம். எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனால் கவனம், நம் டிவி கேம் பெட்டிகளின் கன்ட்ரோலரிலும் பெரும்பாலும் இதே 9 முனை பிளக்தான் இருக்கும். பார்க்க ஒரே மாதிரி, உள்ளே வேறு. அதில் ஒரு சிப் எட்டு பட்டன்களின் நிலையையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒயரில் அனுப்பும். ஒன்றின் பிளக்கை மற்றொன்றில் மாட்டிப் பார்க்காதீர்கள்.

உப்புக் காற்றில் ஒரு பெட்டி

கான்ட்ராவும் டாங்கும் ஓடிய அந்தப் பெட்டியே இன்னும் பரணில் இருந்தால், அதைவிட நல்லது எதுவும் இல்லை. காரைக்கால்மேடு மாதிரி கடலை ஒட்டிய ஊரில் அது தப்பிப்பதுதான் கஷ்டம். உப்பும் ஈரமும் கலந்த காற்று செம்பை விடாது. கேசட்டின் அடியில் இருக்கும் பட்டைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். கன்ட்ரோலர் ஸ்குரூ துருப்பிடித்து, ஸ்குரூ டிரைவர் வைத்தால் தலை வழுக்கும்.

கேசட் ஓடாதபோது நாம் செய்தது, வாயால் ஊதினது. ஊதினால் ஓடவும் செய்தது. ஆனால் ஓட வைத்தது ஊதல் அல்ல, கழற்றித் திரும்பச் சொருகியது. ஊதியதில் போன எச்சில் ஈரம் களிம்பைத்தான் வளர்த்தது. ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே சொல்லியிருந்தது. நமக்குத் தெரிந்தால்தானே!

இப்போது செய்ய வேண்டியது: காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பட்டைகளை அழுக்கு போகும்வரை துடைப்பது. களிம்பு விடவில்லை என்றால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டு மறுபடி துடைப்பது. கன்ட்ரோலர் பட்டன் அமுங்கியும் வேலை செய்யவில்லையா? உள்ளே ரப்பர் ஷீட்டின் அடியில் கருப்புக் கார்பன் வட்டங்கள் இருக்கும், அவற்றையும் போர்டில் அவை தொடும் இடத்தையும் துடைத்தால் பாதிக்கு மேல் உயிர் வந்துவிடும். பழைய அடாப்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒயர் உறை வெடித்திருந்தால் குப்பைதான். புதிது வாங்கும்போது வோல்டேஜ் மட்டும் பார்த்தால் போதாது, பிளஸ் உள்ளேயா வெளியேயா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் அந்தப் படம் இருக்கும்.

போர்டில் பெரிய சிப்புக்குப் பதில் கருப்பாக ஒரு பொட்டு, தார் சொட்டியது போல இருந்தால் அது பிந்தைய மலிவு மாடல். மொத்தக் கருவியும் அந்தப் பொட்டுக்குள் இருக்கிறது. அது போனால் போனதுதான்.

சில வீடுகளில் துடைக்கவும் ஒன்றும் மிஞ்சவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் காரைக்கால் கடற்கரையில் மிக மோசமாக அடிவாங்கிய ஊர்களில் காரைக்கால்மேடும் ஒன்று. மனிதர்களை இழந்த இடத்தில் டிவி கேம் பெட்டி ஒரு கணக்கே இல்லை. ஆனால் அந்த வீடுகளின் பிள்ளைகளுக்குச் சின்ன வயதின் போட்டோகூடக் கையில் இல்லை, பொம்மை இல்லை. 24 கேபி ஃபைல் ஒன்றில் டாங்க் கேமின் அதே செங்கல் சுவர், அதே ஆரம்ப இசை அப்படியே இருக்கிறது என்பது அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல.

சட்டம் என்ன சொல்லுது?

எமுலேட்டர் மென்பொருள் வைத்திருப்பது குற்றமல்ல. சிக்கல் கேம் ஃபைலில். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் (1957) கம்ப்யூட்டர் நிரலும் ஒரு இலக்கியப் படைப்புதான், உரிமை குறைந்தது 60 ஆண்டு. 1985 மரியோவுக்கு இன்னும் இருபது வருடமாவது பாக்கி. இணையத்தில் கொட்டிக்கிடக்கும் ரோம்களை இறக்குவது அதனால் சட்டப்படி சரியல்ல. அதே சட்டத்தின் 52-வது பிரிவு, முறைப்படி கையில் வைத்திருக்கும் நிரலைத் தொலைவு, சேதத்திலிருந்து காக்க பேக்கப் எடுக்க அனுமதிக்கிறது. நல்லதுதான். ஆனால் நாம் காசு கொடுத்து, பில் வாங்கியோ வாங்காமலோ கடையில் எடுத்த '99999 இன் 1' கேசட்டே உரிமம் இல்லாதது. அதை 'முறைப்படி' என்று சொல்ல முடியாது. ஒரு தலைமுறையே அறியாமல் திருட்டுப் பதிப்பில் வளர்ந்திருக்கிறது.

நேர்வழியும் இருக்கிறது. ஸ்டீமில் 'கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன்' (2019) இருக்கிறது. டாங்க் கேம், 2020-ல் வந்த 'நாம்கோ மியூசியம் ஆர்கைவ்ஸ்' இரண்டாம் தொகுப்பில் இருக்கிறது. மரியோ வேண்டுமானால் நின்டெண்டோ கருவியும் சந்தாவும் தேவை. இதெல்லாம் பேர்பெற்ற கேம்களின் கதை. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த நாட்டில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் விற்பனையில் இல்லை. காசு கொடுத்து வாங்கலாம் என்றாலும் வழி இல்லை.

டெண்டிக்குப் பெயர் இருக்கு, நமக்கு?

நம் வேகத்தைக் கொண்டுவர நாம் தொட்ட அந்த 'டெண்டி' ஒரு ரஷ்யப் பெட்டியின் பெயர். 1992 டிசம்பரில் ஸ்டீப்லர் என்ற நிறுவனம் ரஷ்யாவில் விற்க ஆரம்பித்த ஃபேமிகாம் நகல் அது. நம்முடையதைப் போலவே 50 துடிப்பு, அதே வகைச் சிப். அங்குள்ள ரசிகர்கள் பெட்டிகளைச் சேர்த்து வைத்தார்கள், திறந்து அளந்தார்கள், எழுதி வைத்தார்கள். எமுலேட்டர் எழுதுபவர்களுக்கு அந்த அளவுகள் கிடைத்தன. அதனால் பல எமுலேட்டர்களில் அந்தப் பெயர் உட்கார்ந்திருக்கிறது. மீடியா என்றோ லிட்டில் மாஸ்டர் என்றோ ஒரு வரி எங்கும் இல்லை. எந்தச் சிப், எந்த ஆண்டு, எந்த ஊரில் ஒன்று சேர்த்தது, எந்தக் கேசட்டில் எத்தனை கேம் என்று இந்தியப் பெட்டிகளுக்கு அதுபோல ஒரு முழுப் பட்டியல் இல்லை. மோசமாகச் செய்யப்பட்ட, உரிமம் இல்லாத, மலிவான பொருள்தான். இருந்தாலும் கம்ப்யூட்டர் என்ற ஒன்றை நம்மில் நிறையப் பேர் முதன்முதலில் கையால் தொட்டது அதில்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் மதிப்பு தெரிந்திருந்தது. கீபோர்டும் கேசட்டும் வைத்து டிவியில் மாட்டும் மலிவுக் கம்ப்யூட்டர்கள் இந்தியச் சந்தைகளில் கிடைத்தன அல்லவா? அவற்றின் உள்ளேயும் இதே ஃபேமிகாம் நகல்தான். 2008-ல் டெரக் லோமாஸ் உள்ளிட்ட சிலர் 'பிளேபவர்' என்ற பெயரில், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்காக இந்தப் பெட்டிகளில் ஓடும் கல்வி விளையாட்டுகளை எழுத முயன்றார்கள்.

எனவே பழைய இரும்புக் கடைக்காரர் தெருவில் கூவும்போது அந்தப் பெட்டியைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அடியில் உள்ள லேபிளை போட்டோ எடுங்கள். ஸ்குரூ கழன்றால் போர்டின் இரண்டு பக்கத்தையும், சிப் மேல் அச்சடித்த எண் தெரியும்படி எடுங்கள். அட்டைப் பெட்டி இருந்தால் அதையும், விலைச் சீட்டு ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்காமலும். கேசட்டுகளின் மெனு இன்னும் டிவியில் வந்தால், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போனில் ஒரு வீடியோ. சத்தத்தோடு எடுங்கள், அந்த மெனுப் பாட்டும் பெட்டிக்குப் பெட்டி வேறு. பிறகு அந்தப் படங்களை இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்றி, ஊர் பெயரையும் வாங்கிய ஆண்டையும் தமிழிலேயே எழுதிவிடலாம்.